மெக்சிகோ மரபுச் சமையலில் இறைச்சி இல்லாத உணவே கிடையாதா?

நிலாச்சோறு:
மெக்சிகோ சாப்பாடு என்றாலே இறைச்சிதான் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே வயலில் சேர்த்து விதைக்கும் மில்பா அந்த மண்ணின் விவசாயம். மாடும் பன்றியும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கொண்டுவந்தவை. த்லகோயோவையே எடுத்துக்கொள்ளுங்கள். நீல மக்காச்சோள மாவுக்குள் மசித்த பீன்ஸை வைத்து மூடி, நீள்வட்டமாகத் தட்டி, கல்லில் சுட்டெடுத்து, முள் சீவி வேகவைத்த கள்ளித்தண்டை நறுக்கி மேலே போட்டு, பச்சை மிளகாய்ச் சல்சா ஊற்றித் தருவார்கள். மெக்சிகோ நகரத் தெருவோரங்களில் இன்றைக்கும் பெண்கள் உட்கார்ந்து சுட்டு விற்கிறார்கள். இதில் இறைச்சி எங்கே?

கரிசல்காரன்:
அப்படியானால் ஸ்பானியர் வரும்வரை அங்கே எல்லோரும் சைவமா? வான்கோழி வளர்த்துச் சாப்பிட்டார்கள், நாயும் சாப்பிட்டார்கள், மீன், பூச்சி எதையும் விடவில்லை. மக்காச்சோள மாவை இலையில் பொதிந்து அவிக்கும் தமாலுக்கு இன்றைக்கு மாவு பிசையும்போதே பன்றிக்கொழுப்பு சேர்க்கிறார்கள், மசித்த பீன்ஸை வதக்குவதும் பல வீடுகளில் அதில்தான். தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார் செய்துவந்ததை மரபு இல்லை என்று தள்ள நாம் யார்?

நிலாச்சோறு:
ஆட்களைச் சைவம் என்று நான் சொல்லவே இல்லை, உணவைத்தான் சொன்னேன். கொழுப்புப் போட்ட தமாலும் மரபுதான், சரி. ஆனால் அதற்கு முன்பே தமால் இருந்ததே! பன்றி வந்த பிறகு சேர்ந்ததை மட்டும் மரபு என்று வைத்துக்கொண்டு, அதற்கு முந்தியதை விட்டுவிடுவது என்ன நியாயம்?

தென்றல்:
இரண்டு பேருமே சுண்ணாம்பை மறந்துவிட்டீர்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் கழன்றதும் கழுவி அரைக்கிறார்கள், நம்மூரில் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் என்ற வைட்டமின் உடம்பில் சேரும். இந்தப் பக்குவம் இல்லாமல் மக்காச்சோளத்தையே நம்பிக் கிடந்த வட இத்தாலி ஏழைகளிடம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நியாசின் குறைவால் வரும் பெலக்ரா நோய் பரவியது. அப்புறம், மக்காச்சோளத்தில் குறையும் லைசின் என்ற புரதக்கூறைப் பீன்ஸ் ஈடுகட்டுகிறது. கறி கிடைக்காத நாளிலும் உடம்பு தாங்கியது இதனால்தான்.

கரிசல்காரன்:
சுண்ணாம்பு விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு அங்கே போகிற சைவக்காரர், பீன்ஸ்தானே என்று நம்பி வாங்கினால் பன்றிக்கொழுப்பைத்தான் சாப்பிடுவார். என் கவலை அதுதான்.

நிலாச்சோறு:
நியாயமான கவலை. "மந்தேகா" போட்டீர்களா என்று கேட்டுவிட்டே வாங்க வேண்டும், பன்றிக்கொழுப்பை அப்படித்தான் சொல்வார்கள். வதக்கிய பீன்ஸுக்குப் பதிலாக, எபசோதே கீரை போட்டுப் பானையில் வேகவைத்ததைக் கேளுங்கள். அதிலும் சிலர் கொழுப்பு சேர்ப்பதுண்டு, எனவே அங்கேயும் அதே கேள்விதான்.