டைபாய்டு இல்லைங்க, டைஃபஸ்: அப்பாவுக்கு வந்த உண்ணிக்காய்ச்சல்

ரிப்போர்ட்டில் 'டைஃபஸ்' என்று இருந்தால், டைபாய்டைத்தான் எழுத்துப்பிழையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் அதே குழப்பம்தான் நடந்தது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். போன மார்கழியில், பழம் பறிப்பு மும்முரமாக இருந்த நேரம், காய்ச்சலோடு சேலத்துக்கு இறங்கி வந்தார். தலைவலி என்றால் அப்படி ஒரு தலைவலி. வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் விடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்றார்கள், ஐந்து நாள் ஊசி போட்டார்கள், காய்ச்சல் அசையவே இல்லை. ஆறாம் நாள் பேச்சு குழறுகிறது, கூப்பிட்டால் யாரையோ பார்ப்பது போலப் பார்க்கிறார். பயந்துபோய் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது, "ஐயா எங்கே வேலை பாக்கறாருங்க?" ஏற்காட்டுத் தோட்டம் என்றதும் சட்டையைக் கழற்றச் சொல்லி அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று டார்ச் அடித்துத் தேடினார். இடது அக்குளில் கருப்பாகப் பொருக்குத் தட்டிய ஒரு புண், 'பீடியால் சுட்ட மாதிரி' என்றார் அம்மா. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அப்பாவுக்கே தெரியாது. "எஸ்கார் இருக்கு, ஸ்க்ரப் டைஃபஸ்" என்றார் டாக்டரம்மா. அந்தக் கருப்புப் பொருக்குக்குத்தான் எஸ்கார் என்று பேர். சித்தப்பா வராந்தாவில் நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, "அதே டைபாய்டுதான், இங்க ஸ்டைலா சொல்றாங்க" என்று பரப்பிவிட்டார்.

இரண்டும் வேறு வேறு. கிரேக்கத்தில் டைஃபோஸ் என்றால் புகை, புத்தி மங்கிக் கிடக்கும் நிலைக்கும் அதே சொல். அப்பா கிடந்த கோலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேர் ஏன் வந்தது என்று விளக்கவே வேண்டாம். டைபாய்டு என்றால் 'டைஃபஸ் மாதிரி இருப்பது', அவ்வளவுதான். ரொம்ப காலம் மருத்துவர்களே இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள், 1837-ல் அமெரிக்காவில் வில்லியம் கெர்ஹார்ட் என்பவர்தான் டைஃபஸ் வேறு டைபாய்டு வேறு என்று பிரித்துக் காட்டினார். டைபாய்டு தண்ணீர், சாப்பாடு வழியாக வருவது. அப்பாவுக்கு வந்த ஸ்க்ரப் டைஃபஸ் புல்புதரில் இருக்கும் பூச்சி கடித்து வருவது, அதனால்தான் முன்னால் ஸ்க்ரப், அதாவது புதர். டைபாய்டுக்குப் போடுகிற அந்த ஊசி இந்தக் கிருமியிடம் எடுபடாதாம். டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தை ஆரம்பித்து இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது எஸ்கார் என்ற சொல்தான். அதன் கிரேக்க மூலத்துக்கு அர்த்தம் அடுப்பு, கணப்பு. சூடுபட்ட புண்ணில் கட்டும் கருப்புப் பொருக்குக்கு அந்தப் பேர் வந்து, அதே சொல் தேய்ந்துதான் ஆங்கிலத்தில் தழும்பைக் குறிக்கும் ஸ்கார் ஆகியிருக்கிறது. 'பீடியால் சுட்ட மாதிரி' என்று அம்மா சொன்னதும் அதேதானே.

தமிழ்ப் பேப்பர்களில் இதற்கு உண்ணிக்காய்ச்சல் என்று போடுகிறார்கள். அந்தப் பேரைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் நாயைத்தான் பிடித்துக் கட்டிப்போட்டார்கள்! நாய், மாட்டின் மேல் பார்க்கிறோமே, அந்த உண்ணி இல்லை இது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிற்றுண்ணிக் குஞ்சு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, எலிகளின் மேலும் புல்லிலும் இருக்கும், அந்தக் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் கடிக்கும். அப்பா மத்தியானம் பழம் எடைபோடும் இடத்துக்குப் பக்கத்துப் புல்லில் துண்டை விரித்துப் படுப்பது வழக்கம், அங்கேதான் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கிருமியின் பேர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி, பின்பாதி ஜப்பானிய மொழி. சுட்சுகா என்றால் நோய், கேடு. முஷி என்றால் பூச்சி. நாம் 'நோய்நொடி இல்லாமல்' என்கிற இடத்தில் அவர்கள் சுட்சுகானாகு என்கிறார்கள், அதிலும் இதே சுட்சுகாதான்.

அப்பா தைக்குப் பிறகு மறுபடி மேலே போய்விட்டார், இப்போது கயிற்றுக் கட்டிலில்தான் படுக்கிறாராம். சித்தப்பாவிடம் கேட்டால் இன்றைக்கும் டைபாய்டு என்றுதான் சொல்வார். நாயை மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்டோம்.