வலது மேக்னடோ மாற்ற வேண்டும்

செம்பனைக்காரன்:
எனக்கு அப்போது 19 வயது. மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், விமானத்தில் உரம் தூவும் குத்தகைக்காரரிடம் மூட்டை தூக்கும் வேலை. செம்மண் ஓடுதளத்தின் ஓரத்தில் மூட்டைகளைப் பிரித்து விமானத்தின் தொட்டியில் கொட்டுவோம்.

மூன்று நாளாகவே என்ஜின் சரியில்லை. புறப்படும் முன் விமானி சுவிட்சை ஒரு பக்கம் திருப்பினால் குலுங்கிப் படபடக்கும். மறுபக்கம் திருப்பினால் சீராகிவிடும். மூட்டை தூக்குகிற எங்களுக்கே அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. மெக்கானிக் அண்ணன் நோட்டில் எழுதியும் வைத்திருந்தார்: வலது மேக்னடோ மாற்ற வேண்டும். என்ஜின் பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தருவதுதான் மேக்னடோ. சாமான் வந்து சேரவில்லை.

"மழை பிடிச்சுக்கிட்டா உரம் எல்லாம் காண் தண்ணியோட வாய்க்காலுக்குத்தான் போகும். இந்த ஒரு பீல்டை முடிச்சிருவோம்" என்றார் குத்தகைக்காரர். அண்ணன் இரண்டு தடவை "வேண்டாங்க" என்றார். அப்புறம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

தொட்டி நிறைய உரத்தோடு மர உயரத்தைத் தாண்டியதும் சத்தம் அறுந்தது. விமானி சட்டென்று தொட்டியைத் திறந்துவிட்டார். உரம் வெள்ளையாகக் கொட்டியது. பாரம் குறைந்த விமானம் செம்பனை மட்டைகளை உரசிக்கொண்டு போய்க் கால்வாய்க் கரையில் மூக்கு குத்தி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தோம், ஒரே பெட்ரோல் வாடை. விமானிக்குத் தோள் எலும்பு முறிவு. உயிர் பிழைத்தாரே, அது போதும்.

சுபாங் மெக்கானிக்:
அண்ணே, படிக்கவே பதறுகிறது. மேக்னடோ இரண்டும் தனித்தனியாக ஓடுபவை, சிலிண்டருக்கு இரண்டு பிளக். அதனால்தான் தரையிலேயே ஒவ்வொன்றாகச் சோதிப்பது. செஸ்னா 172எஸ் ரகச் சிறு விமானத்தில் என்ஜினை நிமிடத்துக்கு 1800 சுற்றில் வைத்து, ஒரு மேக்னடோவில் மட்டும் ஓடவிட்டுப் பார்ப்போம். சுற்று 150க்கு மேல் இறங்கினாலோ, இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் வித்தியாசம் வந்தாலோ கிளம்பக் கூடாது. வானத்தில் ஒன்று போனால் பத்திரமாக இறங்கத்தான் இன்னொன்று. உங்கள் விமானம் அந்த ஒன்றை மட்டும் நம்பி, முழுப் பாரத்தோடு ஏறியிருக்கிறது.

2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலா போன பைப்பர் மாலிபு என்ற சிறு விமானமும் இங்கிலீஷ் கால்வாயில் விழுந்தது. புகைக் குழாயிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கேபினுக்குள் வந்திருக்கிறது. அதற்கு முன் பிரான்ஸின் நான்டஸ் நகருக்குப் போகும் வழியிலேயே பெரிய சத்தம் கேட்டதை விமானி நண்பரிடம் சொல்லியிருந்தார். இருந்தும் திரும்பக் கிளம்பினார்கள். விமானி, சாலா இருவருமே போய்விட்டார்கள்.

செம்பனைக்காரன்:
சரி தம்பி, இப்போதுதான் புரிகிறது. அன்று சாயங்காலம் அண்ணன் கால்வாய்க் கரையில் தனியாக உட்கார்ந்து, புரொப்பெல்லரில் சுற்றிக்கொண்ட மட்டையை நார் நாராகப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை அந்த வேலைக்குச் சொல்லவில்லை.