மாதத் திரையிடலில் முதல் படம்: ஆவணப்படமா, கலைப்படமா?

கரைவலை:
திருகோணமலை டவுனில் மாதம் ஒரு படம் போட்டுப் பார்த்துக் கதைப்பம் என்று கொஞ்சப் பேர் கூடி முடிவெடுத்திருக்கிறம். இழுபறி முதல் படத்தில்தான். என்னுடைய கட்சி ஆவணப்படம். கலைப்படம் என்றால் இடைவேளைக்கு முதலே சனம் எழும்பிப் போயிடும். 1977 இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’யைத் தமிழில் எடுத்தார். சாதியையும் சீதனத்தையும் தொட்ட, ஆரவாரமில்லாத படம். தியேட்டரில் ஓடவில்லை. இன்றைக்கு அதைப் புகழாத ஆளில்லை, அன்றைக்கு ரிக்கற் எடுக்கத்தான் ஆளில்லை. ஆவணப்படத்தில் எங்கட கடல், எங்கட ஆக்கள், நடந்த விசயம். சனம் இருந்து பார்க்கும். உண்மைக்கு ஒரு இழுவை இருக்கு.

உவர்மலைக்காரி:
உண்மையாம்! கரைவலை அண்ணை, ரொபர்ட் ஃப்ளாஹெர்ட்டியின் ‘மேன் ஒஃப் அரன்’ பார்த்தீங்களோ? 1934, அயர்லாந்துக்கு மேற்கே உள்ள தீவு மீனவரைப் பற்றின படம். அதில் வாற குடும்பம் குடும்பமே இல்லை, முகவெட்டுப் பார்த்துச் சேர்த்த ஆக்கள். பெரிய சுறாவை ஈட்டியால் குத்திப் பிடிக்கிற வேட்டையைத் தீவார் கைவிட்டு எத்தனையோ காலம். படத்துக்காக அவர்களுக்கே அதைப் பழக்கிக் கொடுத்தார்கள்.

அவ்வளவு தூரம் ஏன் போவான். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறதைப் படம் பிடிக்க ஒரு கமராக் கோஷ்டி வந்தது. வலை இழுக்கிற ட்ரக்டரைக் கண்ணில் படாத இடத்தில் விடச் சொல்லி, ஆக்களைக் கயிற்றில் வரிசையாக நிற்பாட்டினார்கள். வலை இழுக்கேக்க பாடுற அம்பாப் பாட்டும் பாட வேணுமாம். என்னுடைய சித்தப்பாவுக்குப் பாட்டே தெரியாது, பழைய எம்ஜிஆர் படப் பாட்டை இழுத்து விட்டார். அதுக்கும் “பாரம்பரியம்” என்று பெயர் வைத்து ஓடும், பாருங்கோ. கலைப்படம் இந்தப் பொய்யைச் சொல்லாது. கற்பனை என்று முதலே ஒத்துக்கொண்டுதான் தொடங்குது.

கரைவலை:
உங்கட சித்தப்பாவின் பாட்டு நல்லாத்தான் இருந்திருக்கும். அது எடுத்தவரின் களவு, தங்கச்சி. ஆவணப்படத்தின் குற்றம் இல்லை. அந்த ட்ரக்டரையும் “ஒளிச்சு வை” என்று சொன்ன ஆளையும் சேர்த்து ஒருத்தர் எடுத்திருந்தால், அதைவிட நல்ல படம் கிடைக்குமோ?

ஆனந்த் பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ ஆவணப்படத்தைப் பாருங்கோ. பாபர் மசூதி 1992 டிசம்பர் 6 இல் இடிபட்டது. அதுக்கு முதலே கமராவைத் தூக்கிக்கொண்டு அந்த மனிதர் அயோத்திக்குப் போயிட்டார். சர்ச்சைக்குரிய அந்த இடத்தின் பூசகர் லால்தாஸே, கோயிலை வைத்து அரசியல் நடக்குது என்று கமராவுக்கு முன் சொல்றார். எந்த நடிகன் சொன்னாலும் அந்தக் கனம் வராது.

உவர்மலைக்காரி:
லால்தாஸ் 1993 இல் கொல்லப்பட்டார். படத்தால்தான் என்று நான் சொல்ல வரேல்ல. ஆனா முகத்தைக் காட்டிப் பேசுற ஆள் படம் முடிஞ்சாப் பிறகும் அதே ஊரில்தான் இருக்க வேணும். எடுத்தவர் விழாவுக்குப் போயிடுவார். எங்கட ஊரில் ஒரு அம்மா வாய் திறந்தால் பின்னேரமே அது ஃபேஸ்புக்கில். அதுக்குப் பிறகு வீட்டு வாசலுக்கு ஆர் வருவினம் என்று உங்களுக்கும் தெரியும். கதைப்படத்தில் அந்த அம்மாவின் சொல்லை வேற ஒருத்தி சுமப்பாள். நான் கலைப்படத்தின் பக்கம் நிற்க அழகு காரணமில்லை, இதுதான்.

என்னுடைய தெரிவு பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் ‘புரஹந்த களுவர’.

நிலாவெளி ரோட்:
அது சிங்கள ஆமிக்காரன்ட தகப்பனின் கதையெல்லோ? திருகோணமலையில் தமிழ்ச் சனத்தைக் கூட்டி முதல் முதல் போட வேற படம் கிடைக்கேல்லையோ? கொழும்பிலயும் வெளிநாட்டிலயும் கைதட்டு வாங்கின படம் என்றால் எங்களுக்கும் பிடிக்கும் என்று ஆர் சொன்னது?

உவர்மலைக்காரி:
நியாயமான கோபம்தான், ஆனா கதையைக் கேளுங்கோ. கண் தெரியாத கிழவர். மகனின் உடல் என்று முத்திரை வைத்த பெட்டி வருது, திறக்க விடமாட்டினம். நட்டஈட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் காசு வரும். வீட்டில் கடன். கிழவர் வைக்கமாட்டன் என்கிறார். ஜோ அபேவிக்ரம அந்தப் பிடிவாதத்தைச் சத்தமே போடாமல் நடிச்சிருப்பார். காணாமல் போன பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் தாறம், நட்டஈடு தாறம் என்று சொல்ல, “எங்களுக்குப் பிள்ளைதான் வேணும்” என்று திருப்பி அனுப்பின ஆக்கள் இந்த மாவட்டத்தில் இல்லையோ? அவர்களைக் கமராவுக்கு முன் இருத்தி அழ வைக்காமல் இந்த விசயத்தைக் கதைக்க எனக்குத் தெரிஞ்ச வழி இது.

கரைவலை:
கதைப்படம் பாதுகாப்பு என்றும் சொன்னீங்கள். அந்தப் படத்தையே 2000 இல் அரசாங்கம் திரையிட விடேல்ல. உயர் நீதிமன்றம் போய் 2001 இல்தான் இயக்குநருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. ஆக, கற்பனை என்று எழுதி ஒட்டினாலும் விடமாட்டினம்.

உவர்மலைக்காரி:
ஓம், ஆனா நீதிமன்றம் போனவர் இயக்குநர். ஊரில் ஒரு கிழவரையும் ஒருத்தரும் விசாரிக்கேல்ல. நான் கேட்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

கின்னியாப் பாலம்:
ரெண்டு பேரும் நல்லாத்தான் சண்டை பிடிக்கிறீங்க. ஒண்டு கேட்கிறன், சப்டைட்டில்? படம் சிங்களம், கிடைக்கிற பிரதியில் எழுத்து இங்கிலீஷ். எங்கட உம்மா, உங்கட சித்தப்பா எல்லாம் என்ன செய்வாங்க? போன தடவை இன்னொரு இடத்தில் ஈரான் படம் ஒண்டு போட்டாங்க. முன்வரிசையில் மூணு பேர் தலையாட்டினாங்க, பின்னால எல்லாரும் போனைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. படம் மெதுவெண்டு பழி போட்டாங்க. வாசிக்க ஏலாம இருந்தா எந்தப் படமும் மெதுதான்.

நிலாவெளி ரோட்:
இது சரியான கேள்வி. ஆவணப்படம் என்றால் இன்னும் மோசம், அதில் ஆக்கள் கதைக்கிறது கூடவெல்லோ.

கின்னியாப் பாலம்:
‘புரஹந்த களுவர’வில் பேச்சுக் குறைவு, நேரம் ஒதுக்கினால் கொஞ்ச நாளில் தமிழ் சப்டைட்டில் எழுதி முடிச்சிரலாம். சப்டைட்டில் கோப்பு வெறும் எழுத்துத்தானே, நேரமும் வசனமும். போனிலயே தட்டலாம். சிங்களம் வடிவா விளங்குற ஒராள் வேணும், இங்கிலீஷைப் பார்த்து எழுதினால் கிழவர் புரபெசர் மாதிரிப் பேசுவார். திரையிட அனுமதியும் கேட்கணும், களவாப் போட நான் வரமாட்டன்.

கரைவலை:
முதல் படம் அதுதான் என்று நான் இன்னும் சம்மதிக்கேல்ல. ரெண்டாவது மாதம் ஆவணப்படம் என்று இஞ்சயே எழுதித் தந்தால் சிங்களத்துக்கு ஆள் பிடிச்சுத் தாறன். துறைமுகத்தில் என்னோட வேலை செய்த ஒருத்தர் இருக்கிறார்.

உவர்மலைக்காரி:
எழுதித் தந்தாச்சு. ஆனா ட்ரக்டர் தெரியிற ஆவணப்படமாப் பாருங்கோ.

கின்னியாப் பாலம்:
அவர்ட நம்பரை எனக்கு உள்பெட்டியில் போடுங்க. எழுத்து பெரிசா, மஞ்சளில் வைப்பம். ஒரு தரத்தில் ரெண்டு வரிக்கு மேல வேணாம்.