மறுமொழி: ‘கடின மூச்சுவழி’ சரியா?

> ‘கடின மூச்சுவழி’ என்றே வைத்துக்கொள்ளலாமே ஐயா, எல்லாருக்கும் புரியுமே.

வணக்கம். மயக்கம் கொடுக்கும்போது மூச்சு போகும் வழியைத் திறந்து வைப்பதோ அதில் குழாய் போடுவதோ சிரமமாக இருப்பதை ஆங்கிலத்தில் ‘difficult airway’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கடின மூச்சுவழி’ என்றால் புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். ‘கடின’ என்றதும் மூச்சுக்குழாய் கெட்டிப்பட்டுப்போன ஏதோ நோய் என்று நினைக்கத் தோன்றுகிறது. பியர் ராபின் நிலையோடு பிறந்த கைக்குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தாடை சிறியது, நாக்கு பின்னால் சரிந்திருக்கும். குப்புறப் படுக்கவைத்தால் பல குழந்தைகள் ஓரளவு நன்றாகவே மூச்சு விடும். மல்லாத்தி மயக்கம் கொடுத்தால் தசை தளர்ந்து நாக்கு தொண்டையை அடைக்கும். சரி, வாய்வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடலாம் என்றால் குரல்வளை கண்ணிலேயே படாது. மூச்சுக்குழாயில் கோளாறு இல்லை. மூச்சு போகும் வழியைத் திறந்து வைப்பதும் மூச்சுக்குழாயை எட்டுவதும்தான் மருத்துவருக்கு அரிது.

அதனால் ‘அருமூச்சுவழி’ என்கிறேன். அருமருந்து என்றால் உயர்ந்த மருந்து ஆயிற்றே, குழப்பாதா என்று கேட்பீர்கள். பள்ளியில் ‘அருஞ்சொற்பொருள்’ படித்த யாரும் அதை உயர்ந்த சொல் என்று எடுத்துக்கொள்ளவில்லையே.

இதில் கிளைச்சொற்களும் எளிதாக வரும். முகமூடி வைத்துக் காற்றூட்ட முடியாதது அருங்காற்றூட்டல். குரல்வளை தெரிந்தும் குழாய் நுழையாதது அருங்குழலிடல். குரல்வளையே தெரியாததற்கு ‘அருங்காட்சி’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், பின்னாலேயே ‘யகம்’ வந்து ஒட்டிக்கொள்ளும். ‘அருநோக்கு’ போதும்.

மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் முதலாவதுதான். கைக்குழந்தையின் உடல் ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவழிக்கும், பெரியவர்களைப்போல் இரு மடங்கு. நுரையீரலில் இருப்போ குறைவு. காற்றூட்ட முடிகிறவரை குழாய் போடக் கொஞ்சம் அவகாசம் உண்டு. அதுவும் முடியாவிட்டால் ஆக்சிஜன் அளவு மளமளவென்று இறங்கி, இதயத்துடிப்பும் குறைந்துவிடும். இத்தகைய குழந்தைக்குப் பல மருத்துவர்கள் மூச்சை நிறுத்தாமல், அது தானாக மூச்சு விடும்படியே மயக்கத்தை ஆழமாக்குவதும் இதனால்தான். அதற்குத் ‘தன்மூச்சு’ என்ற சொல்லே நன்றாக இருக்கிறது, புதிதாக ஒன்று வேண்டாம்.

அப்புறம் ஒன்று. பெற்றோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் ‘அருமூச்சுவழி’ வேண்டாம். ‘மயக்கத்தில் இருக்கும்போது உங்கள் குழந்தையின் மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது சிரமமாக இருக்கலாம்’ என்று முழு வாக்கியமாகவே எழுதிவிடலாம்.