யானிஸின் அருகில் இன்னொரு எறியும் சென்டர் வேண்டுமா? மில்வாக்கியின் பரிமாற்ற வாய்ப்புகள்

மேற்குவாசல் (கேள்வி, அக்டோபர் 2025)

2025-26 பருவம் தொடங்க இன்னும் இரண்டு வாரங்களே உள்ளன. அமெரிக்காவின் NBA கூடைப்பந்துத் தொடரில் ஆடும் மில்வாக்கி பக்ஸ் அணி, தன் முதன்மை வீரர் யானிஸ் அன்டெட்டோகூன்போவுக்குத் துணையாக, தன் கையிலுள்ள கடைசி மூலதனத்தை எதில் இடவேண்டும் என்பது குறித்து உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நிலைமை நீங்கள் அறிந்ததே. ஏழு பருவங்கள் மில்வாக்கியில் சென்டராக (வளையத்தருகே ஆடும் உயர வீரர்) ஆடிய புரூக் லோபெஸ் கோடையில் கிளிப்பர்ஸ் அணிக்குச் சென்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு மைல்ஸ் டர்னரைக் கொண்டுவருவதற்காக, குதிகால் தசைநார் அறுந்திருந்த டேமியன் லில்லர்டை அணி விடுவித்து, அவருக்குத் தரவேண்டிய ஏறத்தாழ 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துக் கட்ட ஒப்புக்கொண்டது. இப்போது பரிமாற்றத்துக்கு உகந்ததாக எஞ்சியிருப்பவை, சுமார் 2.2 கோடி டாலர் சம்பளம் பெறும் கைல் குஸ்மாவின் ஒப்பந்தமும், 2031 அல்லது 2032ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளில் (புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) ஏதேனும் ஒன்றும்தான்.

என் யோசனை இது: குஸ்மாவைக் கொடுத்து சிகாகோவின் நிகோலா வூச்செவிச்சைக் கேட்கலாம். இருவரின் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றே. கடந்த பருவத்தில் வூச்செவிச் மூன்று புள்ளி எறிதல்களில் 40 விழுக்காட்டை வளையத்தில் சேர்த்தார். டர்னர் ஓய்வெடுக்கும் நிமிடங்களிலும் யானிஸுக்கு வளையத்தடி காலியாகவே இருக்கும் அல்லவா?

நடுக்களம்

உங்கள் கேள்வியின் அடிப்படை சரியானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டின் கிழக்குப் பிரிவு இறுதியில் மில்வாக்கி 2-0 என முன்னிலை பெற்ற பிறகு டொரன்டோ தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்றதை நான் இன்னும் மறக்கவில்லை. யானிஸ் உள்ளே நுழையும் பாதையில் மூன்று பேர் சுவர்போல் நின்றார்கள். அந்தச் சுவரின் நடுவில் நின்ற மார்க் கசோல், அதே ஆண்டு பிப்ரவரியில் மெம்பிஸிடமிருந்து பரிமாற்றத்தில் பெறப்பட்டவர். மறுமுனையில் வெளியே நின்று எறியவும் பந்தைப் பகிரவும் அவரால் முடிந்தது. சரியான நேரத்தில் பெற்ற ஒரு சென்டர் ஒரு தொடரையே திருப்ப முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒருவரைக் களத்தை விரிப்பவர் (காவலர்களை வளையத்தை விட்டு வெளியே இழுப்பவர்) என்று கொள்ளக்கூடாது. எதிரணியின் உயர வீரர் வளையத்தை விட்டு வெளியே வருவது, தான் காக்கும் வீரர் தயங்காமல், அடிக்கடி, விரைவாக எறிவார் என்ற அச்சம் இருந்தால் மட்டுமே. லோபெஸின் கதையைப் பாருங்கள். தம் முதல் எட்டுப் பருவங்களில் அவர் எறிந்த மூன்று புள்ளி முயற்சிகள் மொத்தம் 31, உள்ளே விழுந்தவை மூன்றே. மில்வாக்கியில் முதல் பருவமான 2018-19இல் அவர் 500க்கும் அதிகமாக எறிந்தார். அவற்றில் விழுந்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். இருந்தும் எதிரணிகள் அவரைத் தனியே விட அஞ்சியதற்கு, அவர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு இரண்டு மூன்று அடி பின்னாலிருந்துகூட எறியத் துணிந்ததே காரணம். வளைவின் உச்சியில் கோடு வளையத்திலிருந்து 23 அடி 9 அங்குலம் தள்ளியிருக்கிறது. அதற்கும் பின்னால் நிற்பவரை நோக்கி ஓடவேண்டிய காவலர், யானிஸ் இரண்டே எட்டில் வளையத்தை அடையும்போது திரும்பி வர முடியாது.

தடுப்பாட்டக்காரர் யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடிப் பகுதியில் மூன்று நொடிகளுக்கு மேல் நிற்கக்கூடாது என்ற விதியும் இங்கே துணைசெய்கிறது. சென்டர் வெளியே நின்றால், அவரைக் காப்பவர் உள்ளே குடியிருக்க வழியில்லை.

டர்னர் இந்த வேலையை நன்றாகச் செய்வார். கடந்த பருவத்தில் ஆட்டத்துக்கு ஐந்துக்கும் மேற்பட்ட மூன்று புள்ளி முயற்சிகள், ஏறத்தாழ 40 விழுக்காடு வெற்றி. எனவே இந்தத் தேவைக்கு அணி ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டது. மாற்று நிமிடங்களுக்கும் பாபி போர்ட்டிஸ் இருக்கிறார், அவரும் எறியக்கூடியவரே.

கரையோரம்

வூச்செவிச் யோசனையை நான் ஏற்கவில்லை. 35 வயதை எட்டும் அவர் பிக் அண்ட் ரோலில் (பந்து வைத்திருப்பவருக்காகச் சக வீரர் காவலரை மறித்துவிட்டு நகரும் உத்தி) விரைவான கார்டுகளை (பந்தை நடத்தும் வீரர்களை) எதிர்கொள்ளும்போது வளையத்தைக் காக்க இயலாமல் திணறுகிறார். லோபெஸ் அரிதானவராக விளங்கியது எறிந்ததால் மட்டுமன்று, 2023இல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதில் இரண்டாம் இடம் பெறும் அளவுக்கு வளையத்தைக் காத்ததாலும்தான். ஒரு முனையில் திறக்கும் வாசலை மறுமுனையில் நாமே திறந்துவைத்தால் என்ன பயன்?

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது ரீபவுண்ட், அதாவது தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது. டர்னர் வெளியே நின்று எறிந்து பழகியவர். கடந்த பருவத்தில் ஆட்டத்துக்கு ஆறரை ரீபவுண்டுகளே எடுத்தார், அவருடைய உயரத்துக்கு இது குறைவு. அவரோடு இன்னொரு எறியும் சென்டரைச் சேர்ப்பதைவிட, எறியாவிட்டாலும் உள்ளே முட்டிமோதிப் பந்தைப் பிடிக்கும் ஒருவரை மாற்று ஆட்டக்காரராக வைப்பதே நலம். கடந்த ஜூனில் கோப்பை வென்ற ஓக்லஹோமா அணி, எறியும் ஹோம்கிரெனோடு, மூன்று புள்ளிகளை நாடாத ஹார்டன்ஸ்டைனையும் சேர்த்தே ஆடியது. இரண்டு வகையினரும் கையில் இருந்ததால்தான் அந்த அணியால் எதிரணிக்கேற்ப மாற முடிந்தது.

நடுக்களம்

கரையோரம் சொல்வதில் ரீபவுண்ட் பற்றிய பகுதியை ஏற்கிறேன். ஆனால் இரண்டையும்விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இண்டியானாவில் டர்னருக்கு எளிய எறிதல்கள் கிடைத்ததற்கு டைரீஸ் ஹாலிபர்ட்டன் என்ற கார்டு காரணம். ஸ்கிரீன் (காவலரை மறிக்கும் தடுப்பு) வைத்துவிட்டு டர்னர் பின்வாங்கும் கணத்திலேயே பந்து அவர் கைக்கு வந்துவிடும். மில்வாக்கியில் அதைச் செய்யப்போவது யார்? கெவின் போர்ட்டர், ரயன் ராலின்ஸ், கோல் ஆன்டனி மூவரும் தாமே புள்ளி சேர்க்கும் இயல்பினர். இறுதியில் யானிஸே பந்தைக் கொண்டுவந்து, தாமே தாக்கி, தாமே பகிரவும் வேண்டியிருக்கும். குஸ்மாவின் ஒப்பந்தம் ஒரு கார்டைப் பெறவே பயன்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாஸ்டனின் அன்ஃபர்னி சைமன்ஸ் போன்றவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

கணக்கர்

சம்பளக் கணக்கை மட்டும் சேர்க்கிறேன். வூச்செவிச்சின் ஒப்பந்தமும் சைமன்ஸின் ஒப்பந்தமும் இந்தப் பருவத்தோடு முடிகின்றன. குஸ்மாவுக்கோ 2026-27இலும் சுமார் 2 கோடி டாலர் தரவேண்டும். செலவைக் குறைக்க முயலும் பாஸ்டன் அந்தக் கூடுதல் ஆண்டைச் சுமக்க இசையாது. சிகாகோவும் ஒரு தேர்வுரிமையையாவது சேர்த்துக் கேட்கும். அதோடு, கடந்த ஏப்ரலில் இண்டியானாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் குஸ்மா ஒரு புள்ளியோ ரீபவுண்டோ அசிஸ்டோ (சக வீரரின் புள்ளிக்கு வழிசெய்த பகிர்வு) இல்லாமல் வெளியேறியதை எல்லா அணிகளும் பார்த்திருக்கின்றன. இன்று விற்றால் மிகக் குறைந்த விலையே கிடைக்கும்.

லில்லர்டுக்கான தொகை 2029-30 வரை ஆண்டுக்கு சுமார் 2.25 கோடி டாலராகச் சம்பளக் கணக்கில் நிற்கும். 2029ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வுரிமையும் போர்ட்லாந்திடம் இருக்கிறது. இந்நிலையில் எஞ்சிய ஒரே தேர்வுரிமையை, ஒரே பருவத்தில் ஒப்பந்தம் முடியும் ஒருவருக்காகக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன். பரிமாற்றத்துக்கான பிப்ரவரிக் கெடுவரை காத்திருக்க வேண்டும்.

மேற்குவாசல்

மூவருக்கும் நன்றி. வூச்செவிச் யோசனையை விட்டுவிடுகிறேன். டர்னரும் போர்ட்டிஸும் இருக்கையில் அந்த வேலைக்கு மூன்றாவது ஆள் தேவையில்லை என்பது புரிகிறது. ஆனால் பிப்ரவரிவரை காத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் சுற்றிலேயே வெளியேறிய அணி இது. யானிஸுக்கு டிசம்பரில் 31 வயது நிறைகிறது. முதல் இருபது ஆட்டங்களில் டர்னருக்கு வெளியே எத்தனை தடையற்ற எறிதல்கள் கிடைக்கின்றன, அவற்றை உருவாக்கித் தருபவர் யானிஸா, ஒரு கார்டா என்பதைக் குறித்துவைக்கப் போகிறேன். எல்லாமே யானிஸ் கையிலிருந்து மட்டும் வந்தால், டிசம்பரிலேயே 2031ஆம் ஆண்டுத் தேர்வுரிமையைச் சேர்த்து, பல ஆண்டு ஒப்பந்தமுள்ள ஒரு கார்டைத் தேட வேண்டும் என்பேன்.