எஃப்-1 மாணவி: யூனிவர்சிட்டி இன்சூரன்ஸை வைத்துக்கொள்வதா, வெய்வர் போடுவதா?

நெய்தல்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் டெக்சஸில் எம்.எஸ். தொடங்குகிறேன், எஃப்-1 மாணவர் விசா. ஃபீஸ் பில்லில் ஹெல்த் இன்சூரன்ஸ் தானாகவே ஏறியிருக்கிறது. வேறு இன்சூரன்ஸ் இருந்தால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வெய்வர் (அதைப் பில்லிலிருந்து நீக்கக் கேட்கும் விண்ணப்பம்) போடலாம் என்று போர்ட்டலில் இருக்கிறது. யூனிவர்சிட்டி ப்ளான் ஆகஸ்ட் 15-ல் தொடங்குகிறது.

ஜூலை 10-ல் எங்களுக்குத் திருமணம் ஆனது. கணவர் நியூ ஜெர்சியில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். தன் கம்பெனி இன்சூரன்ஸில் என்னைச் சேர்க்கலாம் என்கிறார். அங்கே இரண்டு ப்ளான்: ஒன்று ஈ.பி.ஓ. (குறிப்பிட்ட டாக்டர்கள், ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் பணம் தரும் ப்ளான்), இன்னொன்று எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) அக்கவுன்ட்டுடன் வரும் ஹை டிடக்டிபிள் ப்ளான், அதாவது இன்சூரன்ஸ் பணம் தரும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை (டிடக்டிபிள்) அதிகமாக உள்ளது. இதற்கிடையில் ஊரில் ஒரு ஏஜென்ட் மாணவர்களுக்கான டிராவல் பாலிசி ஒன்றைக் காட்டுகிறார். ஒரு லட்சம் டாலர் கவரேஜ், "அமெரிக்க அரசாங்கம் கேட்பதே அவ்வளவுதான், தைரியமாக வெய்வர் போடுங்கள்" என்கிறார். விலை மிகக் குறைவு. எதை எடுப்பது? வெய்வரை நிராகரித்துவிட்டால் என்ன ஆகும்?

கரிசல்காடு

ஏஜென்ட் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். அந்த ஒரு லட்சம் டாலர் ஜே-1 (பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களுக்கான) விசாவுக்கான விதி. ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர், மருத்துவக் காரணத்துக்காக வேறு இடத்துக்குக் கொண்டுபோக 50,000, இறந்தால் உடலை ஊருக்கு அனுப்ப 25,000, டிடக்டிபிள் 500-ஐத் தாண்டக்கூடாது. எஃப்-1-க்கு மத்திய அரசு இப்படி எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. நிபந்தனை வைப்பது உங்கள் யூனிவர்சிட்டி. அது பெரும்பாலும் இதைவிடக் கடுமையாகவே இருக்கும்: கவரேஜுக்கு உச்சவரம்பு இருக்கக்கூடாது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் மனநல சிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் பணம் தர வேண்டும், க்ளெய்ம் ஆபீஸ் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். டிராவல் பாலிசி இதில் முதல் இரண்டிலேயே அடிபட்டுவிடும். தைராய்டு, ஆஸ்துமா மாதிரி பழைய தொந்தரவுக்கு அது பொதுவாகப் பணம் தராது. அறை வாடகைக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று உள்வரம்புகளும் இருக்கும். ஒரு லட்சம் என்று அட்டையில் இருந்தாலும் கையில் வருவது அந்த உள்வரம்புத் தொகைதான்.

ஒரு சுலபமான சோதனை உண்டு. பல யூனிவர்சிட்டிகள் வெய்வர் பக்கத்தில் ஒரு கம்ப்ளையன்ஸ் ஃபார்ம் வைத்திருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனியே நிரப்பிக் கையெழுத்திட்டுத் தர வேண்டியது. உங்கள் யூனிவர்சிட்டியில் அது இருந்தால் ஏஜென்டிடம் அனுப்புங்கள். கையெழுத்து வராவிட்டால் அந்தப் பாலிசியை மறந்துவிடலாம்.

அடுத்தது தேதி. உங்களுக்கு மிக அவசரமான விஷயம் இதுதான். கல்யாணம் ஆனவுடன் துணையைக் கம்பெனி ப்ளானில் சேர்க்கச் சட்டப்படி குறைந்தது 30 நாள் தர வேண்டும். பல கம்பெனிகள் அதற்கு மேல் ஒரு நாளும் தருவதில்லை. உங்களுக்கு அது ஆகஸ்ட் 9-ல் முடிகிறது. தவறினால் வருடாந்திர ஓப்பன் என்ரோல்மென்ட் (ப்ளானில் சேரவோ மாற்றவோ கம்பெனி தரும் காலம்) வரை காத்திருக்க வேண்டியதுதான். அது பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் நடக்கும், கவரேஜ் ஜனவரி 1-ல் தொடங்கும்.

30 நாளுக்குள் கொடுப்பது மட்டும் போதாது. கம்பெனிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதிக்குள் கவரேஜ் தொடங்க வேண்டும் என்பதுதான் விதி. ஜூலை 31-க்குள் போட்டால் ஆகஸ்ட் 1. ஆகஸ்ட் 3-ல் போட்டால் செப்டம்பர் 1 ஆகலாம். அப்போது ஆகஸ்ட் 15 முதல் உங்களுக்குக் கவரேஜ் இல்லை என்று சொல்லியே வெய்வரை நிராகரிப்பார்கள். சில கம்பெனிகள் கல்யாணத் தேதியிலிருந்தே கணக்கிடும். எது என்று எச்ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி கேட்கும் திருமணச் சான்றிதழ் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து வாங்கியது. கோயில் ரசீதும் பத்திரிகையும் செல்லாது. தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். நீங்கள் அதுவரை தள்ளிப்போடாதீர்கள். சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்பே சேர்க்கும் விண்ணப்பத்தைப் போட்டுவிடச் சொல்லுங்கள், ஆவணம் தரப் பல கம்பெனிகள் தனியாக அவகாசம் தருகின்றன. உங்களுக்கு இன்னும் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லை என்பது பெரும்பாலும் தடையாக இருக்காது.

தறிச்சத்தம்

கரிசல்காடு சொன்ன தேதிக் கணக்கு சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஈ.பி.ஓ.வோட நெட்வொர்க்கை (அந்த ப்ளானோட ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளை) பாருங்க தோழி. ஈ.பி.ஓ., அதே மாதிரி இன்னொரு வகையான எச்.எம்.ஓ. ரெண்டுலயும் நெட்வொர்க்குக்கு வெளியே எமர்ஜென்சிக்கு மட்டும்தான் பணம். நியூ ஜெர்சி நெட்வொர்க் டெக்சஸ்ல இருக்கான்னு கார்டுல உள்ள பெரிய பேரை வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒரே கம்பெனியில பல நெட்வொர்க் இருக்கும். டாக்டர் தேடும் பக்கத்துல அந்த ப்ளானோட முழுப் பேரைத் தேர்ந்தெடுத்து, யூனிவர்சிட்டி ஜிப் கோடு போட்டு நாலு தேடல் பண்ணுங்க: பொது மருத்துவர், அர்ஜென்ட் கேர், படுக்கை வசதி உள்ள ஆஸ்பத்திரி, மனநல ஆலோசகர். நாலும் பக்கத்துலயே கிடைச்சாத்தான் அந்த ப்ளான் உங்களுக்கு உதவும்.

எமர்ஜென்சி கவர் ஆகுதே போதாதான்னு தோணும். கீழே விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுதுன்னு வைங்க. அன்னிக்கு ராத்திரி எமர்ஜென்சி ரூம், எக்ஸ்ரே, தற்காலிகக் கட்டு எல்லாத்துக்கும் பணம் வரும். நாலஞ்சு நாள் கழிச்சு எலும்பு டாக்டர்கிட்ட மாவுக்கட்டு போடணும், திரும்ப எக்ஸ்ரே, கட்டைப் பிரிச்சதும் வாரக்கணக்குல பிசியோதெரபி. இது எதுவும் எமர்ஜென்சி இல்லை. டெக்சஸ்ல நெட்வொர்க் இல்லேன்னா அத்தனையும் உங்க கைக்காசு, இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் நியூ ஜெர்சிக்கு விமானம்.

இனி ஃபார்ம். வெய்வர் நிராகரிப்புல நிறைய ப்ளானோட குறையே இல்லை, நிரப்பினதுல வந்த தப்பு. நீங்க டிபெண்டென்ட் (கணவர் பேர்ல உள்ள ப்ளான்ல சேர்ந்தவங்க). "பாலிசி ஹோல்டர்" கட்டத்துல கணவரோட பேரு, அவர் பிறந்த தேதி. உங்க பேரையும் தேதியையும் போட்டா சரிபார்க்கிற சிஸ்டம் ஆளே இல்லைன்னு திருப்பி அனுப்பிடும். மெம்பர் ஐடி கடைசியில 01, 02ன்னு டிபெண்டென்ட் எண் இருந்தா அதையும் கார்டுல உள்ளபடியே போடுங்க. குரூப் நம்பர் வேற, மெம்பர் ஐடி வேற.

பேரு நம்ம ஆட்களுக்குப் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா அமெரிக்க விசாவுல உங்க பேரு சர்நேம் இடத்துக்குப் போய், கிவன் நேம் இடத்துல எஃப்.என்.யு. (முதல் பேரு தெரியலை)ன்னு வந்து நிக்கும். யூனிவர்சிட்டியில அப்படியே பதிவாகி, எச்ஆர்ல கணவர் பேரைச் சர்நேமா போட்டுச் சேர்த்துட்டா ரெண்டும் ஒட்டாது. சேர்க்கும்போதே பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து, விசாவுல உள்ள மாதிரியே போடச் சொல்லுங்க.

அப்லோட் பண்ண வேண்டியது: கார்டோட முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும் (க்ளெய்ம் விலாசமும் ஃபோன் நம்பரும் பின்னாடிதான் இருக்கும்), ப்ளானோட சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ், உங்க பேரும் தொடக்கத் தேதியும் "ஆக்டிவ்" என்ற வார்த்தையும் உள்ள கவரேஜ் லெட்டர். கார்டுல பெரும்பாலும் கணவர் பேரு மட்டும்தான் இருக்கும், அதனால லெட்டரை விட்டுடாதீங்க. இன்சூரன்ஸ் வெப்சைட்டிலேயே டவுன்லோட் ஆகும்.

நிராகரிச்சாலும் அப்பீல் உண்டு, நாள்தான் குறைவு. காரணத்தை ஈமெயில்ல சொல்லுவாங்க, ஸ்பாம் ஃபோல்டரையும் பாருங்க. கடைசி நாள் அன்னிக்குப் போட்டா அப்பீலுக்கு இடமே இருக்காது. கார்டு நம்பர் வந்த அன்னிக்கே போடுங்க. முடிவு வர்ற வரைக்கும் பில்லில் அந்தத் தொகை அப்படியே நிற்கும். ஃபீஸ் கெடு முன்னாடியே வந்துச்சுன்னா பர்ஸார் ஆபீஸ்ல (ஃபீஸ் வாங்குற ஆபீஸ்) கேளுங்க, பாக்கி நின்னா ரெஜிஸ்ட்ரேஷன்ல ஹோல்டு (தடை) விழும். பில்லில் "ஹெல்த் ஃபீ"ன்னு தனியா சின்னதா ஒண்ணு இருந்தா அது கேம்பஸ் கிளினிக்குக்கு, வெய்வர்ல அது போகாது.

நெய்தல்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. டிராவல் பாலிசியை விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னபடி தேடினேன், யூனிவர்சிட்டி ஜிப் கோடில் ஈ.பி.ஓ.வுக்கு யாருமே வரவில்லை. ஹை டிடக்டிபிள் ப்ளானுக்கு நாலும் வருகிறது. அதை வைத்து வெய்வர் போடலாமா? நடுவில் கணவருக்கு வேலை போனால் நான் இன்சூரன்ஸ் இல்லாமல் நிற்பேனா?

மேகலைத்தீவு

ஹை டிடக்டிபிள் ப்ளானில் முதலில் வெய்வர் நிபந்தனையைப் பாருங்கள். டிடக்டிபிளுக்கு யூனிவர்சிட்டி வைத்திருக்கும் வரம்பு எவ்வளவு? எச்.எஸ்.ஏ. வைக்கத் தகுதி பெற 2025-இல் ஒரு ப்ளானின் டிடக்டிபிள் தனிநபருக்குக் குறைந்தது 1,650 டாலர், குடும்பத்துக்கு 3,300 இருக்க வேண்டியிருந்தது. யூனிவர்சிட்டி வரம்பு 1,000 என்றிருந்தால் இந்த ப்ளான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெய்வர் கிடைக்காது. நீங்கள் சேர்ந்ததும் கணவரின் ப்ளான் குடும்ப டிடக்டிபிளுக்கு மாறும் என்பதையும் கவனியுங்கள். பல ப்ளான்களில் அந்த முழுத் தொகையும் இருவரும் சேர்ந்து செலவழித்த பிறகே கம்பெனி பணம் தரத் தொடங்கும். தடுப்பூசி, வருடாந்திரப் பரிசோதனை போன்றவை மட்டும் விதிவிலக்கு.

கணக்கை இப்படிப் போடுங்கள். கணவருக்கு மட்டும் சம்பளத்தில் பிடிப்பது எவ்வளவு, துணையோடு எவ்வளவு, அந்த வித்தியாசத்தை 12 மாதத்துக்குப் பெருக்குங்கள். அதை யூனிவர்சிட்டி ப்ளானின் ஒரு வருடத் தொகையோடு வையுங்கள். பிறகு ஒரு பெரிய செலவை வைத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, குடல்வால் ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் ஒப்புக்கொண்ட தொகை 30,000. யூனிவர்சிட்டி ப்ளானில் டிடக்டிபிள் 500, கோ-இன்சூரன்ஸ் (அதற்கு மேல் உள்ள செலவில் உங்கள் பங்கு) 20 சதவீதம் என்றால் 500-உம் மீதி 29,500-இல் 5,900-உம் சேர்ந்து 6,400. அந்த ப்ளானின் அவுட் ஆஃப் பாக்கெட் உச்சவரம்பு (ஒரு வருடத்தில் நீங்கள் கைக்காசாகக் கட்டுவதன் உச்சம்) 5,000 என்றால் 5,000-இல் நின்றுவிடும். இதே கணக்கைக் கணவரின் ப்ளான் எண்களை வைத்தும் போடுங்கள். பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடித்து இந்த வரியில் பல ஆயிரம் இழப்பது அடிக்கடி நடக்கிறது.

வேலை போனால் உங்களுக்கு இரண்டு வழி. கவரேஜ் முடிந்த தேதி குறித்த லெட்டரைக் காட்டி யூனிவர்சிட்டி ப்ளானில் நடுவிலேயே சேரலாம். இதற்குப் பெரும்பாலும் 30 அல்லது 31 நாள்தான் கெடு. இன்னொன்று கோப்ரா, வேலை போன பிறகும் கம்பெனி ப்ளானைத் தொடர விடும் சட்டம். கம்பெனியில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பழைய ப்ளானையே 18 மாதம் வரை நீட்டிக்கலாம், முடிவெடுக்க 60 நாள். ஆனால் கம்பெனி கட்டிக்கொண்டிருந்த பங்கையும் சேர்த்து பிரீமியத்தில் 102 சதவீதம் வரை நீங்களே கட்ட வேண்டும். எச்-1பி-யில் அடுத்த வேலைக்கே 60 நாள்தான் என்ற நெருக்கடியில் அது பெரிய சுமை. லெட்டர் கைக்கு வந்த அன்றே யூனிவர்சிட்டிக்கு எழுதுவதே மேல்.

என்னைக் கேட்டால் இந்த ஃபால் (ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை) செமஸ்டருக்கு யூனிவர்சிட்டி ப்ளானையே வைத்துக்கொள்ளுங்கள். கேம்பஸ் பக்கத்து ஆஸ்பத்திரிகளை வைத்துத்தான் அதன் நெட்வொர்க்கை அமைக்கிறார்கள், புதிதாக வந்து இறங்கும் மாதங்களில் அந்த நிம்மதி பெரிது. பல இடங்களில் ஜனவரியில் ஸ்பிரிங் வெய்வர் தனியாகத் திறக்கும், கணவரின் ஓப்பன் என்ரோல்மென்டும் அதற்கு முன் வந்துவிடும். ஆனால் சில யூனிவர்சிட்டிகளில் ஃபாலில் சேர்ந்தால் முழு வருடத்துக்கும் சேர்த்தே பில் போடுவார்கள். உங்கள் பில்லில் "ஃபால்" என்று இருக்கிறதா, "ஆனுவல்" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனுவல் என்றால் நான் சொன்ன ஜனவரித் திட்டம் உங்களுக்கு ஒத்துவராது, முடிவை இந்த மாதமே எடுத்தாக வேண்டும்.

கரிசல்காடு

மேகலைத்தீவு சொன்னதோடு ஒன்று: இப்போது வெய்வர் கிடைத்தாலும் அது பெரும்பாலும் ஒரு கல்வியாண்டுக்குத்தான். அடுத்த ஆகஸ்ட்டில் பில்லில் இன்சூரன்ஸ் திரும்ப ஏறும், திரும்பவும் போட வேண்டும். கணவர் கம்பெனி ஜனவரியில் இன்சூரன்ஸ் கம்பெனியை மாற்றினால் நடுவிலேயே புதுக் கார்டைக் கேட்டு ஈமெயில் வரலாம். யூனிவர்சிட்டி ஈமெயில் ஐடியைத் தினமும் திறந்து பாருங்கள், இந்த அறிவிப்புகள் உங்கள் ஜிமெயிலுக்கு வராது.