ஃபுல் ஃபிரேமிலிருந்து மீடியம் ஃபார்மட்டுக்கு: எதை வாங்கலாம்?

வணக்கம். பட்டுப்புடவைகளைப் படமெடுப்பதுதான் என் பிழைப்பு. கையில் இருப்பது 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமரா (ஒளியைப் பதிக்கும் சென்சார் 36×24 மி.மீ.). போன வாரம் நெருக்கமான சரிகைக் கட்டம் போட்ட முந்தானை ஒன்றை எடுத்தேன். திரையில் பெரிதாக்கினால், துணியில் இல்லாத அலைக்கோடுகள் மஞ்சளும் ஊதாவுமாக ஓடுகின்றன; சரிகையின் நெருக்கமான கட்டம் சென்சாரின் பிக்சல் கட்டத்தோடு மோதுவதால் வரும் தொல்லை இது. அவற்றை அழிக்க இரண்டு இரவுகள் போயின. கடைக்காரர் கேட்பதோ ஆளுயர அச்சு.

அதனால் மீடியம் ஃபார்மட், அதாவது ஃபுல் ஃபிரேமைவிடப் பெரிய சென்சார் கொண்ட கேமரா வாங்க நினைத்து, ஃபியூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 100எஸ் 2, ஹாசல்பிளாட் எக்ஸ்2டி 100சி இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறேன். இரண்டிலும் 44×33 மி.மீ. சென்சார், ஃபுல் ஃபிரேமைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு பரப்பு, 100 மெகாபிக்சலுக்குக் குறையாது. ஃபியூஜியின் பழைய 50எஸ் 2 மலிவாகக் கிடைக்கிறதுதான். ஆனால் 51 மெகாபிக்சலை அதே பரப்பில் பரப்பினால் பிக்சல் என் இப்போதைய கேமராவில் இருப்பதைவிடப் பெரிதாகி, நுண்ணிய கட்டத்தைப் பிரித்துக் காட்டாது. சரிகைத் தொல்லை தீராது என்றே நினைக்கிறேன்.

என்னைக் குழப்புவது ஃபிளாஷ். வெயிலில் மாடலை நிறுத்தி எடுக்கும் வேலையும் உண்டு. ஃபியூஜியில் ஒத்திசைவு (ஃபிளாஷோடு சேர்ந்து இயங்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/125 நொடியோடு நின்றுவிடுகிறது; வெயிலில் அது போதாமல் படம் வெளுத்துவிடும். ஹாசல்பிளாடில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் பல லென்ஸ்களில் 1/2000 வரை போகலாம். ஆனால் அதில் வீடியோ கிடையாது, லென்ஸ் விலையோ தலைசுற்ற வைக்கிறது.

வெளிப்புறத்தில் ஃபியூஜியோடு ஃபிளாஷ் பயன்படுத்துபவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போதுமா? 100 மெகாபிக்சலில் சரிகை உண்மையிலேயே அடங்குகிறதா? கேமராவிலிருந்து திருத்தாமல் வரும் அசல் ரா கோப்பு ஒன்றை அனுப்பி உதவினால் பெரிய உபகாரம்.